பஞ்சத்தில் பிறந்த பாடல்: துக்காராம் அபங்கங்களும் தேவார வாசிப்பும்

முன்னுரை

பக்தி இலக்கியத்தைக் கற்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களுள் ஒன்று, பாடலையும் பாடியவர் வரலாற்றையும் எவ்வாறு இணைத்துக் காண்பது என்பதாகும். தேவாரப் பதிகம் ஒன்றை எடுத்த அளவிலேயே பெரியபுராணம் உடன்வந்து நிற்கிறது. சூலை நோய் கண்டது, பாடினார், நோய் நீங்கிற்று. பஞ்சம் வந்தது, பாடினார், காசு கிடைத்தது. கண்ணொளி போயிற்று, பாடினார், கண் பெற்றார் என்னும் வைப்புமுறை நம் வாசிப்பில் ஊன்றிவிட்டது. இதனால் வேண்டுதல் என்பது விடையைக் கையோடு கொண்டே பிறப்பது என்னும் எண்ணம் வலுப்பெறுகிறது. விடை கிடைப்பதற்கு முன் பாடியவர் நின்ற நிலை எத்தகையது என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இவ்வினாவை மீண்டும் எழுப்புதற்கு மராத்தி நிலத்துத் துக்காராமின் அபங்கங்கள் துணைசெய்கின்றன. பசி, கடன், மனைவியின் இறப்பு, ஊராரின் பழி என்பவற்றுக்கு நடுவே வழிபாட்டையும் நூலையும் பற்றிநின்ற ஒருவர், அந்நிலையைத் தம் வாயாலேயே கூறிச் சென்றுள்ளார். அவர்தம் பாடல்களை அடிப்படையாகக் கொண்டு, அன்றாடத் துன்பத்துக்கும் இறைவேட்டலுக்கும் இடையிலான உறவை ஆராய்வதும், அதன் வழியே தேவாரத்தைப் படிக்கும் முறையை மறுபரிசீலனை செய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நூலும்

புணே நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள விமான் நகர் இன்று அடுக்ககங்களாலும் மென்பொருள் நிறுவனங்களாலும் அறியப்படுவது. வானூர்தி நிலையத்தை அடுத்திருப்பதால் அமைந்த பெயர் அது. அந்நிலையம் அமைந்துள்ள லோகேகாவ் என்னும் ஊர், துக்காராமின் தாய் கனகாய் பிறந்த ஊர் என்று மரபு கூறும். துக்காராம் இவ்வூருக்குப் பலமுறை வந்து கீர்த்தனம் நிகழ்த்தினார் என்பதும் அடியார் வரலாறுகளில் காணப்படும் செய்தி. இத்தொடர்பு கருதியே வானூர்தி நிலையத்துக்குத் துக்காராமின் பெயரைச் சூட்டும் முன்மொழிவுக்கு மகாராட்டிர அமைச்சரவை 2024ஆம் ஆண்டு இசைவளித்தது. துக்காராம் இறுதியில் இறைவன் விடுத்த விமானத்தில் ஏறி வைகுந்தம் சென்றார் என நம்பும் மக்களுக்கு இப்பெயரிடல் இருமடங்கு பொருத்தமாகத் தோன்றியிருத்தல் கூடும்.

விமான் நகரை ஒட்டிச் செல்லும் நகர் சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் வாகோலி வரும். துக்காராமின் பாடல்களுக்குத் தடைவிதித்த இராமேசுவர பட்டர் அவ்வூரினர். மேற்கே எரவாடாச் சிறை உள்ளது. 1930ஆம் ஆண்டில் அச்சிறையில் இருந்த காந்தியடிகள், ஆசிரம வழிபாட்டுப் பாடல்களை மீரா பென்னின் பொருட்டு ஆங்கிலத்தில் பெயர்த்தபோது துக்காராமின் அபங்கங்களையும் பெயர்த்தார். வடக்கே ஞானேசுவரரின் ஆளந்தியும், இந்திராயணி ஆற்றங்கரையில் துக்காராம் வாழ்ந்த தேகுவும் உள்ளன. பாடல் ஒலித்த ஊர், அது மறுக்கப்பட்ட ஊர், பின்னாளில் அது ஒரு கைதியின் வழிபாடான இடம் ஆகிய மூன்றும் விமான் நகரைச் சூழ அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

துக்காராமின் பிறந்த ஆண்டு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 1608 என்பது பெரும்பான்மையோர் கொள்வது. மறைவு 1649 அல்லது 1650. அவர்தம் பாடல்கள் பம்பாய் அரசின் பொருளுதவியோடு 1869ஆம் ஆண்டு முதல் இரு தொகுதிகளாக அச்சேறின. அவர் வரலாற்றை விரித்துப் பாடியவர் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மகிபதி. 1762இல் பக்தவிஜயமும் 1774இல் பக்தலீலாம்ருதமும் அவரால் இயற்றப்பட்டன. நாயன்மார்க்குச் சேக்கிழார் எத்தகையரோ, மராத்தி அடியார்க்கு மகிபதி அத்தகையர் எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சேக்கிழார்க்குக் கிடைத்தவை பதிகங்களும் திருத்தொண்டத்தொகையும் அந்தாதியும் செவிவழிச் செய்திகளும். மகிபதிக்கோ துக்காராம் தம் வாழ்வைத் தாமே சுருங்கக் கூறிய பாடலொன்று கிடைத்திருந்தது.

தன்வரலாற்றுப் பாடலின் அமைப்பு

அடியார்கள் வற்புறுத்திக் கேட்டமையால் கூறுவதாகத் துக்காராம் பாடிய அப்பாடல் அளவிற் சிறியது. தாம் சூத்திர மரபினர் என்பதில் தொடங்குகிறது. வணிகம் செய்தமை, பெற்றோர் மறைவு, பஞ்சத்தால் பொருளும் மதிப்பும் இழந்தமை, மனைவியருள் ஒருத்தி உணவு கேட்டுக்கொண்டே உயிர்விட்டமை, வணிகம் நொடித்தமை ஆகியன அடுத்தடுத்து வருகின்றன. இவ்விழப்புகளுக்குப் பின் அவர் செய்யும் முதற்செயல் கவனிக்கத்தக்கது. காட்டுக்குச் செல்லவில்லை, பாழ்பட்டுக் கிடந்த குடும்பக் கோயிலைப் பழுதுபார்க்க எண்ணுகிறார். ஏகாதசி தோறும் கீர்த்தனம் செய்யத் தொடங்குகிறார். தொடக்கத்தில் அப்பயிற்சியில் உள்ளம் பற்றவில்லை என்றும் ஒளிவின்றிக் கூறுகிறார்.

பின்னர்ச் சான்றோர் வாக்குகள் சிலவற்றை மதிப்போடு மனப்பாடம் செய்தமையும், முன்னின்று பாடுவோர்க்குப் பின்னே நின்று பல்லவி பாடியமையும் சொல்லப்படுகின்றன. நூல் என்பது இங்குத் தனித்திருந்து ஓதி உணரும் பொருளாக முதலில் வரவில்லை. பிறர் பாடப் பின்பாட்டுப் பாடும் வாயில் அது தங்குகிறது. பண்டாரா மலையில் தனித்திருந்து அவர் ஞானேசுவரியும் ஏகநாதரின் பாகவத உரையும் பயின்றார் என்பது வரலாற்று மரபு. 1290ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் ஞானேசுவரி, கீதைக்கு மராத்தியில் எழுந்த விளக்கம். ஏகநாதர் உரையும் மராத்தியே. வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்ட ஒருவர்க்கு மறைநூலாக வாய்த்தவை தாய்மொழி விளக்கங்களும் முன்னோர் பாடல்களுமே என்பது இதனால் தெளிவாகும். திருவாய்மொழியைத் தமிழ்மறையாகக் கொண்டு அதற்கு ஈடு முதலிய உரைகளைக் கண்ட வைணவ மரபு நமக்கு இதனை எளிதில் விளக்கும்.

பாடலின் இறுதிப்பகுதி கவிதை ஊற்றெடுத்தமையையும், தடை வந்தமையையும், ஏடுகள் நீரில் அமிழ்த்தப்பட்டமையையும், தாம் இறைவன் வாயிலில் வழக்குக் கிடந்தமையையும் கூறுகிறது. இறைவன் தம்மை ஆற்றுவித்தான் என்ற அளவில் அந்நிகழ்ச்சி அமைகிறது. ஏடுகள் மிதந்து வந்த அற்புதத்தை இப்பாடல் எடுத்துரைக்கவில்லை. அற்புதத்தைச் சொல்லுதற்கு மிக உகந்த இடத்தில் ஆறுதலை மட்டும் சொல்லி அமைவது இப்பாடலின் தனித்தன்மை.

பஞ்சமும் காசும்

1630ஆம் ஆண்டை ஒட்டித் தக்காணத்தையும் குசராத்தையும் வாட்டிய கடும்பஞ்சம் வரலாற்றாசிரியர்களால் விரிவாகப் பேசப்படுவது. துக்காராமின் முதல் மனைவி இரக்குமாபாயும் மகனும் அப்பஞ்சத்தில் இறந்தனர். இந்நிகழ்ச்சியைத் திருவீழிமிழலைப் பஞ்சத்தோடு ஒப்பிடுவது பயன் தரும்.

அப்பரும் சம்பந்தரும் வீழிமிழலையில் தங்கியிருந்த காலத்துப் பஞ்சம் வந்தது. இறைவன் கனவில் தோன்றி நாள்தோறும் இருவர்க்கும் படிக்காசு அருளுவதாகக் கூறினான். கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் காசு வைக்கப்பட்டது. அடியார்க்கு அமுது அளிக்கப்பட்டது. அப்பர் பெற்ற காசு அப்படியே செல்லுபடியாயிற்று. சம்பந்தர் பெற்றதோ வாசி கொடுத்து மாற்றவேண்டிய காசாக இருந்தது. அதனால் அவர் மடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. அப்பர் கைத்தொண்டு புரிபவர் ஆதலின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பது சேக்கிழார் காட்டும் விளக்கம். சம்பந்தர் பதிகம் பாடி அக்குறையையும் நீக்கிக்கொண்டார்.

இங்குப் பஞ்சத்தின் நடுவே கடைத்தெருவின் நுட்பம் முழுமையாக வந்துவிடுகிறது. காசின் தரம், மாற்றின் குறைவு, சமையல் பிந்துதல் என்பவை பதிகத்தின் பின்னணியாக நிற்கின்றன. வழிபாடு அங்காடியை விட்டு விலகவில்லை என்பது தமிழ்ப் பக்தியின் வலிமை. சுந்தரர் வாழ்விலும் இதுவே காணலாகிறது. குண்டையூரில் பெற்ற நெல்லை ஆரூருக்கு எடுத்துச்செல்ல ஆள் வேண்டும் என்று கோளிலி இறைவனிடமே அவர் கேட்கிறார். வீட்டுத்தேவை வழிபாட்டுக்கு இழுக்காகக் கருதப்படவில்லை.

தேகுவில் காசு வரவில்லை. மனைவி இறந்தாள், கடை நொடித்தது, உறவினர் முகம் திருப்பினர். மகிபதியும் இவ்விடத்தில் அற்புதம் எதனையும் கொண்டுவந்து அவ்விறப்பைத் தடுக்கவில்லை. துக்காராமோ பிறிதொரு பாடலில் நொடித்ததும் நன்று, பஞ்சம் வருத்தியதும் நன்று என்னும் கருத்துப்படப் பேசுகிறார். இதனைத் துறவியின் அலட்சியம் என்று கொள்ளுதல் பொருந்தாது. அப்பாடலில் இழந்தவை ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. எண்ணுபவனுக்கு அவற்றின் விலை தெரியும். இழப்பு தன்னை இறைவனிடம் கொண்டுவந்து சேர்த்தது என்று பின்னோக்கிக் காணும் அப்பார்வை, இழந்த காலத்தில் அவர்க்கு இருந்ததாக அவர் எங்கும் கூறவில்லை. தன்வரலாற்றுப் பாடலில் அக்காலத்தைக் குறித்து நிற்கும் உணர்ச்சி நாணமே.

ஆகவே, வீழிமிழலையில் வேண்டுதலுக்குப் பொருளே விடையாயிற்று. தேகுவில் விடையின்மையே வேண்டுதலுக்குத் தொடக்கமாயிற்று என்று முதற்பார்வையில் கூறத் தோன்றும். இம்முடிவு முழுமையானதன்று என்பது பின்னர்க் காட்டப்படும்.

வணிக மொழி

நொடித்த வணிகர் வணிகத்தின் சொற்களைக் கைவிடவில்லை. கடன், முறி, அளவை, முதல், இலாபம், நொடிப்பு முதலியன அவர் பாடல்களில் வழிபாட்டுச் சொற்களாக மீண்டும் புழங்குகின்றன. இதற்குச் சிறந்த சான்று அவர் கவிதைப்பணியை ஏற்ற கனவைக் கூறும் அபங்கங்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த நாமதேவர், விட்டலனோடு கனவில் தோன்றித் தாம் பாடி முடிக்காது விட்ட எண்ணிக்கையைப் பாடி நிரப்புமாறு பணித்தார் என்பது செய்தி. அக்கனவில் விட்டலன் அளவையைப் பற்றி நிற்பவனாகக் காட்டப்படுகிறான். தவசம் அளக்கும் கடைக்காரனின் படியை இறைவன் கையில் காண்பது தவசக் கடை வைத்திருந்த ஒருவர்க்கே இயல்பாக வரும்.

இக்கனவில் நூல்மரபும் கடன்மரபும் ஒன்றாகின்றன. முன்னோர் விட்டுச்சென்ற கடனை மகன் அடைப்பது போல, முன்னோர் விட்டுச்சென்ற பாடற்கணக்கைப் பின்வந்தவர் அடைக்கிறார். மறைநூல் முற்றுப்பெற்ற ஒன்றாகக் கருதப்பட்டால் அதனைக் காப்பதும் ஓதுவதுமே பின்வந்தார் பணியாகும். அது நிலுவை உள்ள கணக்காகக் கருதப்பட்டால், பாமரனும் அதில் வரவு வைக்கலாம். துக்காராம் இரண்டாவதைக் கொண்டார். வேதத்தின் பொருளைத் தம்மனோரே அறிவர், மற்றையோர் அதன் சுமையைத் தலையில் தாங்குவோர் என்னும் பொருளில் அவர் கூறியது செருக்கன்று. சுமை தூக்குபவனுக்கும் சரக்குக்கு உரியவனுக்கும் உள்ள வேறுபாட்டை நாள்தோறும் கண்ட கண்ணிலிருந்து எழுந்தது அது.

தந்தை காலத்துக் கடன்முறிகளில் தம் பங்கைத் துக்காராம் இந்திராயணி ஆற்றில் எறிந்தார். தம்பி கன்கோபாவின் பங்கை மட்டும் அவரிடம் கொடுத்தார் என்பது மகிபதி தரும் செய்தி. ஊரார் தமக்குத் தரவேண்டிய பணத்தின் சான்றுகள் அவை. பின்னாளில் அவருடைய பாட்டேடுகளும் அதே ஆற்றில் இடப்பட்டன. தாமே விரும்பி இட்ட முறிகள் மீளவில்லை. பிறர் வற்புறுத்த இட்ட ஏடுகள் மீண்டன. வரலாற்று மரபு இவ்விரண்டையும் ஒரே ஆற்றில் வைத்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. பிறரைப் பிணிக்கும் எழுத்தை ஒருவன் விடலாம், இறைவனோடு தன்னைப் பிணிக்கும் எழுத்தை விட இயலாது என்னும் கருத்து அதில் பொதிந்துள்ளது.

நீரில் இட்ட ஏடு

நீரில் இட்ட ஏடு என்றவுடன் தமிழ் வாசகர்க்கு நினைவில் எழுவது வைகை. மதுரையில் சமணரோடு நிகழ்த்திய புனல்வாதத்தில் சம்பந்தர் இட்ட ஏடு நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் தங்கியது. இரு நிகழ்ச்சிகளையும் அற்புத ஒற்றுமை என்று காட்டி அமைவது எளிது. வேறுபாடுகளே இங்கு முதன்மையானவை.

முதலாவதாக, வைகைக்கரையில் எதிரணி வேற்றுச் சமயத்தார். இந்திராயணிக் கரையில் எதிர்த்தவர் அதே இறைவனையும் அதே வேதத்தையும் போற்றுபவர். சூத்திரர் ஒருவர் வேதப்பொருளை மராத்தியில் பாடுதல் தகாது என்பதே வாகோலி இராமேசுவர பட்டரின் தடை. வழக்கு, கடவுள் யார் என்பது பற்றியதன்று. கடவுளைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்பது பற்றியது. நம்மாழ்வாரின் குலத்தையும் திருவாய்மொழியின் மறைத்தன்மையையும் இணைத்துத் தமிழ் வைணவம் பல தலைமுறைகள் எண்ணியது; ஆசாரிய ஹ்ருதயம் அதன் சிறந்த வெளிப்பாடு. அவ்வினாவைத் துக்காராம் உரையாசிரியர் துணையின்றித் தம் வாழ்நாளிலேயே தனித்து எதிர்கொண்டார்.

இரண்டாவதாக, வைகையில் அரசன் நடுவனாக இருந்தான், மக்கள் சூழ்ந்திருந்தனர், தோற்றவர் கழுவேறியதாகப் புராணம் கூறும். இந்திராயணியில் அவையில்லை. துக்காராம் பதின்மூன்று நாள்கள் உண்ணாது கண்மூடிக் கிடந்தார். எதிர்த்த இராமேசுவர பட்டர் பின்னர் அவர்க்கே அடியவராகி அவரைப் புகழ்ந்து பாடினார். வெற்றி தோல்வி என்னும் பாகுபாட்டுக்குள் இந்நிகழ்ச்சி அடங்கவில்லை.

மூன்றாவதே மிக முதன்மையானது. ஏடுகள் காக்கப்பட்டமையைத் துக்காராம் தன்வரலாற்றுப் பாடலில் கூறாவிடினும் வேறு சில அபங்கங்களில் குறிப்பிடுகிறார். அவற்றில் வெற்றிக்களிப்பு இல்லை. தாம் பெரும்பிழை செய்துவிட்டதாகவும், ஊரார் பேச்சுக்காக மனம் கலங்கி இறைவனின் எல்லையைச் சோதித்துவிட்டதாகவும், அவனைப் பாடுபடுத்திவிட்டதாகவும் கூறி வருந்துகிறார். தாகமும் பசியுமாகக் கிடந்து அவனை நெருக்கியது தகாது என்பது அவர் எண்ணம். விடை கிடைத்தபின் ஒரு பக்தர் கொள்ளும் உணர்ச்சியாக நாணத்தைக் காட்டுவது பக்தி இலக்கியத்தில் அரிதான ஒன்று. தாயை அளவுக்கு மீறி வருத்திவிட்ட குழந்தையின் கூச்சம் இது.

இவ்விடத்தில் அற்புதத்தின் பொருளே மாறிவிடுகிறது. வேண்டியது கிடைத்தமையால் இறைவன் உண்மை என்று துக்காராம் முடிவுகட்டவில்லை. கிடைத்ததால் தம் வேண்டுதலையே ஐயுறுகிறார். பஞ்சத்தில் கேளாத ஒருவர் ஏட்டுக்காகக் கேட்டார், கேட்டமைக்காக நாணினார். மனைவியின் பசிக்கு வராத விடை தம் பாட்டுக்கு வந்ததே என்னும் எண்ணம் அந்நாணத்தின் அடியில் இருந்தது என்று கூறச் சான்றில்லை. ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேரப் படிக்கும் வாசகர் அவ்வெண்ணத்தைத் தவிர்த்தல் அரிது.

மனையில் இருந்தோர்

அன்றாடத் துன்பத்தின் நடுவே இறைவனை நாடுதல் எனும்போது அத்துன்பத்தில் பெரும்பங்கு யார் தலையில் விழுந்தது என்பதையும் ஆராய்தல் கடன். துக்காராமின் இரண்டாம் மனைவி ஜிஜாபாய், அவலி என்றும் அழைக்கப்படுபவர், வாய்த்துடுக்கானவர் என்று வரலாறுகளால் சித்திரிக்கப்படுகிறார். துக்காராம் தொகுப்பிலேயே மனைவி சொன்ன கடுஞ்சொற்கள் என்னும் தலைப்பில் சில அபங்கங்கள் உள்ளன. வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்குவதையும், பிள்ளைகள் உணவின்றி இருப்பதையும், வேலை செய்யாமல் தாளம் தட்டித் திரிவதையும் அக்குரல் சாடுகிறது.

பெரியபுராணத்து மனைவியரோடு இக்குரலை ஒப்பிடலாம். நள்ளிரவு மழையில் வந்த அடியார்க்காக, விதைத்த நெல்லை வாரிவரலாம் என்று வழிகூறியவர் இளையான்குடிமாற நாயனாரின் மனைவியே. விறகின்மையால் கூரைமரமும் அடுப்பெரிந்தது. அவ்வம்மையார் கணவரின் தொண்டில் சமபங்காளர். ஆனால் மறுத்துப் பேசும் வாய்ப்புக் காப்பியத்தில் அவர்க்கு இல்லை. ஊடல் கொண்டு இறைவனையே தூது நடக்கச்செய்த பரவையார் விதிவிலக்கு. அங்கும் சிக்கல் காதலைப் பற்றியது, பசியைப் பற்றியதன்று. அவலியின் குரல் பசியைப் பற்றியது. தம்மைச் சாடும் குரலைத் தம் பாட்டுக்குள் இடமளித்துப் பதிவுசெய்தமையால் துக்காராம் அக்குரலுக்கு ஓரளவு நியாயம் செய்துள்ளார். அதற்கு விடைகூறி முடித்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை.

துக்காராமைக் குருவாகக் கொண்ட பகிணாபாயின் (1628-1700) தன்வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அந்தண குலத்தில் பிறந்து, மிக இளம் வயதிலேயே தம்மினும் பல ஆண்டு மூத்த ஒருவர்க்கு மணஞ்செய்விக்கப்பட்டவர். சூத்திரர் ஒருவரைக் குருவாக நாடியமைக்காகக் கணவரால் அடிக்கப்பட்டார். பெண் ஆதலின் வேதம் அவர்க்கும் மூடிய நூலே. குலத்தால் உயர்ந்தவர்க்கும் குலத்தால் தாழ்த்தப்பட்டவர்க்கும் ஒரே கதவு அடைக்கப்பட்டிருந்தமையால் துக்காராமின் அபங்கம் அவர்க்கு மறைநூலாயிற்று. தேகுவில் நிகழ்ந்தவை பற்றி உடன்காலத்தவர் ஒருவரின் சான்றாகவும் அவர் பாடல்கள் அமைகின்றன.

காரைக்காலம்மையார் மனைவாழ்வு முறிந்தபோது உடலழகைத் துறந்து பேயுருக் கொண்டு வெளியேறினார். பகிணாபாய் வெளியேறவில்லை. கணவர்க்குப் பணி செய்தலையும் விட்டலனை நினைத்தலையும் ஒருங்கே ஏற்றார். அடங்கிப்போதல் என்று இதனை இக்காலப் பெண்ணிய வாசிப்பு கூறக்கூடும். அக்கூற்றில் உண்மையும் உண்டு. எனினும் அடிபட்டதை மறைக்காமல் எழுத்தில் வைத்த செயல் அடக்கத்தின் இலக்கணத்துள் அமையாது. அவர் தம் துன்பத்தை இறைவனிடம் மட்டும் கூறவில்லை, படிப்போரிடமும் கூறினார்.

தேவாரத்தை மீளப் படித்தல்

இனி, முன்னர் நிறுத்திவைத்த முடிவுக்குத் திரும்பலாம். தமிழ்ப் பக்தியில் வேண்டுதலுக்கு விடை உண்டு, மராத்தியில் இல்லை என்று கூறுதல் பொருந்துமா? பெரியபுராணத்தை ஒதுக்கிவைத்து அப்பரின் திருவதிகைப் பதிகத்தை மட்டும் படித்தால் அதில் நோய் நீங்கியதற்கான குறிப்பு இல்லை. பாட்டுத்தோறும் வயிற்றின் வேதனை உள்ளது, தாங்க இயலாமை உள்ளது, முறையீடு உள்ளது. பதிகம் முடியும்போதும் நோயாளி நோயாளியாகவே இருக்கிறார். நோயை நீக்குவது சேக்கிழாரின் கதை. சம்பந்தரின் காசுப்பதிகத்திலும் கேட்டல் உண்டே அன்றிப் பெற்றமை பேசப்படவில்லை. கண்ணிழந்த சுந்தரரின் பாடல்களில் இறைவனோடு நிகழ்த்தும் வழக்கும் வசையும் விடை வரும் முன்னையவை.

ஆகவே வேறுபாடு தமிழ்ப் பாடலுக்கும் மராத்திப் பாடலுக்கும் இடையே இருப்பதைவிட, பாடலுக்கும் புராணத்துக்கும் இடையே பெரிதாக உள்ளது. பாடல் பிறக்கும் இடம் விடைக்கு முந்திய இடம். அங்கே பாடுபவர்க்கு முடிவு தெரியாது. புராணம் முடிவு தெரிந்தவர் எழுதியது. முடிவு தெரிந்த கண்ணால் பாடலைப் படிக்கும்போது அதன் நடுக்கம் நமக்குக் கேட்பதில்லை. துக்காராமிடம் இந்நடுக்கம் நமக்கு எளிதில் கேட்பதற்குக் காரணம், அவரே தம் கதையைச் சுருக்கிச் சொல்லி, அற்புதத்தைப் பின்னுக்குத் தள்ளியமையாகும்.

துக்காராமைத் தமிழர் ஏற்றுக்கொண்ட முறையும் இதற்குச் சான்றாகும். மராத்தியர் ஆட்சியில் தஞ்சையில் வேரூன்றிய கீர்த்தன மரபு, தமிழகத்து அரிகதைக் கலைக்கு வளமூட்டியது. பஜனை மடங்களில் அபங்கங்கள் பாடப்பட்டன. புணேயின் பிரபாத் நிறுவனம் 1936இல் எடுத்த மராத்திப் படத்தை அடுத்து, 1938இல் முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த தமிழ்த் துக்காராம் திரைப்படம் வெளிவந்தது. இவற்றால் துக்காராம் நமக்கு இசையாகவும் அற்புதமாகவும் வந்து சேர்ந்தார். நொடித்த கடைக்காரராக, நாணியவராக, மனைவியின் சொல்லுக்கு விடையற்று நின்றவராக அவர் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. அபங்கங்களைப் பொருளறிந்து பயிலும் முயற்சியே அக்குறையை நீக்கும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழி மூன்று கருத்துகள் புலப்படுகின்றன. அன்றாடத் துன்பம் இறைவேட்டலுக்குத் தடையாகவோ வெறும் பின்புலமாகவோ நிற்கவில்லை. கடன், படி, காசு, பசி என்னும் சொற்களாக வழிபாட்டு மொழியின் உள்ளுறையாகவே அமைகிறது. மறைநூல் மறுக்கப்பட்டவர்க்கு முன்னோர் பாடல் மறைநூலாகிறது; பின்னர் அவர்தம் பாடலே பிறர்க்கு மறைநூலாகிறது. வேண்டுதற் பாடலை விடையிலிருந்து பின்னோக்கிப் படிப்பதினும், விடையறியா நிலையில் வைத்துப் படிப்பதே அதற்குச் செய்யும் நேர்மை.

பதிகங்களைப் பாடம் சொல்லும் வகுப்புகளில் புராண வரலாற்றை முதலிலும் பாடலைப் பின்னரும் வைக்கும் முறை வழக்கில் உள்ளது. ஒருமுறையேனும் அவ்வரிசையை மாற்றிப் பாடலை முதலில் படிக்கச் செய்தல் நலம். அதிகையில் நின்றவர்க்கு நோய் தீருமா என்பது அப்போது தெரியாது. தேகுவில் பதின்மூன்று நாள் கிடந்தவர்க்கும் ஏடு மீளுமா என்பது தெரியாது. தெரியாமலே பாடினர், தெரியாமலே கிடந்தனர் என்பதை மாணவர் உணர்ந்தால், பக்தி இலக்கியம் அவர்க்குப் பழங்கதையாகத் தோன்றாது.